பின்மூடி சொன்னது ஒன்று, மெஷின் சொன்னது வேறு: ஒரு 56 கிராண்ட் சீக்கோவை அடையாளம் கண்ட கதை

பின்னணி

டோக்கியோவில் எங்கள் அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காருபவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பழைய சீக்கோ கடிகாரங்கள் மேல் எனக்கிருக்கும் பைத்தியம் அவருக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் போனில் ஏல விளம்பரங்களை உருட்டிக்கொண்டே இருப்பேன், அதைப் பார்த்து அவர் தலையை ஆட்டிக்கொண்டே போவார். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த வாட்ச் பேச்சு. போன ஜனவரியில் ஒரு நாள் அவரே ஒரு சின்னத் துணிப்பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே அவருடைய அப்பாவின் கிராண்ட் சீக்கோ, சீக்கோவின் உயர்தர வரிசைக் கைக்கடிகாரம்.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா இருக்கிறார், நினைவு நன்றாகவே இருக்கிறது. குடும்பத்தில் சொல்லப்படும் கதை இது: சப்போரோவில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த வருடம், அதாவது 1972இல், அப்பா போனஸ் பணத்தில் இதைப் புதிதாக வாங்கினார். வீட்டில் அதற்குமுன் அவ்வளவு விலைக்கு யாரும் எதையும் கையில் கட்டியதில்லை. பெட்டி இருக்கிறது, உத்தரவாத அட்டை இல்லை. நண்பரின் மகன் ஏப்ரல் 1ஆம் தேதி முதல் வேலையில் சேரப் போகிறான், அன்று தாத்தாவின் வாட்சைக் கட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது ஆசை.

சரி, இதில் என்ன சிக்கல்? என்ன மதிப்பு இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவர் அதைப் பழைய வாட்ச் வாங்கும் கடை ஒன்றில் காட்டியிருக்கிறார். அவர்கள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பல கடிகாரங்களின் உதிரியைச் சேர்த்துக் கட்டியது" என்று சொல்லி, அவர் நினைத்ததில் பாதிகூட வராத ஒரு விலையைச் சொல்லியிருக்கிறார்கள். விலை அவருக்குப் பெரிதாகப் படவில்லை, விற்கும் எண்ணமே இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை குத்திவிட்டது. அப்பா ஏமாந்து வாங்கினாரா, இல்லை புதிது என்று வீட்டில் பொய் சொன்னாரா?

அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர், கடை, முழு வரிசை எண் எதுவும் இதில் வராது.

56 என்றால் என்ன

கொஞ்சம் சரித்திரம் சொல்லாமல் மேலே போக முடியாது. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

அந்தக் காலத்தில் சீக்கோ என்ற ஒரே பெயருக்குக் கீழே கைக்கடிகாரம் செய்தவை இரண்டு தொழிற்சாலைகள். ஒன்று டோக்கியோவின் கமெய்டோவில் இருந்த டைனி செய்கோஷா. இன்னொன்று நகானோ மலைப்பகுதியில் இருந்த சுவா செய்கோஷா. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனாலும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. 1960இல் சுவா முதல் கிராண்ட் சீக்கோவை 25,000 யென் விலையில் கொண்டுவந்தது, அடுத்த வருடமே டைனி கிங் சீக்கோ என்ற தன் உயர்தரக் கடிகாரத்தோடு வந்தது. பிறகு டைனியும் கிராண்ட் சீக்கோ செய்தது (1967இல் வந்த 44, அடுத்த வருடம் வந்த 45), சுவாவும் கிங் சீக்கோ செய்தது. அதனால் டயலில் இருக்கும் பெயரை மட்டும் வைத்து எந்தத் தொழிற்சாலை என்று சொல்ல முடியாது. அதற்கு டயலின் கீழ்ப்பகுதியில், ஆறு மணிக்குச் சற்று மேலே, கடுகளவு இருக்கும் தொழிற்சாலைச் சின்னத்தைப் பார்க்கவேண்டும். 1968இல் ஜெனீவா வானாய்வகத்தின் நேரத் துல்லியப் போட்டியில் முதல் மூன்று இடங்களைச் சுவிஸ் குவார்ட்ஸ் மெஷின்கள் எடுத்துக்கொள்ள, நான்கிலிருந்து பத்து வரை சீக்கோவின் இயந்திரக் கடிகாரங்கள் பிடித்தன. அவ்வளவு தூரம் வந்த வேகத்தில் 1969 டிசம்பர் 25 அன்று அதே சீக்கோ குவார்ட்ஸ் அஸ்ட்ரான் என்ற பேட்டரிக் கைக்கடிகாரத்தை வெளியிட்டு இயந்திரக் கடிகாரத்தின் கதையையே மாற்றிவிட்டது.

56 வரிசை கிராண்ட் சீக்கோ வந்தது அதற்கு அடுத்த வருடம், 1970இல். சுவாவில் செய்தது. தானாகச் சாவி ஏறும், மணிக்கு 28,800 அசைவு, 25 கல், அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக்குக்கு நல்ல மெலிவு. எழுபதுகளின் நடுவில் கிராண்ட் சீக்கோவே நின்றுபோனது, 1988இல்தான் திரும்பி வந்தது. ஆகவே 56 என்றாலே எழுபதுகளின் முதல் பாதி.

எண்ணைப் படிக்கும் முறை எளிது. பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு இலக்கம் இருக்கும். முதல் நான்கு மெஷினை (உள்ளே ஓடும் இயந்திரத்தை) சொல்லும், அடுத்த நான்கு கேஸை (வெளிக்கூட்டை) சொல்லும். 5641 என்றால் தேதி கிடையாது. 5645 என்றால் தேதி மட்டும். 5646 என்றால் தேதியும் கிழமையும். மூன்றுக்கும் 7000 எண் கொண்ட கேஸ் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே உடம்பு.

முதல் நாள் பார்த்தவை, முதல் நாள் செய்த தப்பு

டயலில் மூன்று மணி இடத்தில் தேதியும் கிழமையும் இருந்தன. கிழமை கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்தில் நின்றது, ஜப்பானுக்குள் விற்றவற்றில் ஆங்கிலமும் கான்ஜியும் கலந்துதான் வரும், அது சரி. டயலில் சுவாவின் சின்னம் இருந்தது, அதுவும் சரி. எழுத்துகள் கூர்மையாக இருந்தன. ஒட்டப்பட்ட மணிக்கோடுகளின் அடியில் பெயிண்ட் வழிந்த தடம் இல்லை, மறுபடி சாயம் பூசிய டயலில் முதலில் மாட்டிக்கொள்வது அந்த இடம்தான். இதில் என் கண் ஓரளவு பழகியது. நம் ஊர்ப் பக்கம் கிடைக்கும் பழைய சீக்கோ 5களில் (சீக்கோவின் மலிவு ஆட்டோமேட்டிக் வரிசை) மும்பையில் புதிதாகச் சாயம் ஏற்றியவை எக்கச்சக்கம், அவற்றைப் பார்த்துப் பார்த்தே அசல் டயல் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டேன்.

திருப்பினேன். பின்மூடியில் 5645-7000.

தேதியும் கிழமையும் காட்டுகிற கடிகாரத்தின் முதுகில், தேதி மட்டும் காட்டும் மெஷினின் எண். கடைக்காரர் பார்த்ததும் இதைத்தான். அவர் பார்த்தது தப்பில்லை.

வரிசை எண் 1N என்று தொடங்கியது. சீக்கோவில் முதல் எழுத்து வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண், அக்டோபருக்குப் பூஜ்யம் அல்லது ஓ, நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. 1 என்பது 1961ஆ 71ஆ 81ஆ என்று எண் சொல்லாது, மெஷின் வரிசைதான் சொல்லும். 56 என்பதால் 1971 நவம்பர். ஒலிம்பிக்ஸ் நடந்தது 1972 பிப்ரவரியில். குடும்பக் கதையோடு ஒட்டிப் போகிறதே என்று மனசுக்குள் ஒரு டிக் போட்டுக்கொண்டேன். இந்த டிக் பிறகு என்னைச் சுற்றலில் விட்டது.

இப்போது தப்பு. சும்மா பார்த்ததோடு வைத்திருக்கலாம். தேதி தப்பாக இருக்கிறதே என்று குமிழை ஒரு படி இழுத்துத் திருப்பினேன். 56 மெஷினில் தேதியை வேகமாக மாற்றும் அமைப்பில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சக்கரம் உண்டு, ஐம்பது வருடத்தில் அது காய்ந்து வெடித்துப்போவது இந்த வரிசையின் பிரசித்தி பெற்ற நோய். எனக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் கை போய்விட்டது. முதலில் ஒரு பல் ஏறியது, அப்புறம் வெறுமனே சுற்றியது. ஏற்கெனவே வெடித்திருந்ததா, நான் முடித்துவைத்தேனா என்று சொல்ல வழியில்லை. அவரிடம் அங்கேயே சொன்னேன். "பரவாயில்லை" என்றார், ஜப்பானியர் பரவாயில்லை என்றால் எவ்வளவு பரவாயில்லை என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

அன்று மாலை இதைவிடப் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன். "எண் பொருந்தவில்லையே, ஏன்?" என்று கேட்டார். "யாரோ முன்பே மூடியை மாற்றியிருக்கலாம், அப்பா இதைப் பழைய வாட்சாக வாங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு" என்று சொல்லிவிட்டேன். பார்த்தது ஒரு விஷயம், சொன்னது அதற்கு ஒரு விளக்கம், அதுவும் கையில் ஆதாரமே இல்லாத விளக்கம். அவர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லையாம். அப்பாவோடு தானும் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கியது என்பது அம்மாவின் நினைவு.

திறந்து பார்த்தது

நானே திறக்கவேண்டாம் என்று முடிவெடுத்தோம். வீட்டில் மூடி திறக்கும் ரப்பர் பந்து, சாவி எல்லாம் வைத்திருக்கிறேன்தான், ஆனால் ஒரு தடவை சூடு பட்டாயிற்று. எனக்குப் பழக்கமான ஒரு முதியவர் ஒற்றை அறையில் கடை வைத்திருக்கிறார், பழைய சுவா மெஷின்களை இன்னும் கையில் எடுப்பவர். அதிகம் பேசமாட்டார். பிப்ரவரி முதல் வாரம் மூவரும் அவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம்.

மூடி சுலபமாகக் கழன்றது. உள்ளே ரப்பர் வளையம் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிடந்தது. மெஷினில் 5646A. டயலின் கீழ் விளிம்பில் இருக்கும் சின்ன எண்ணும் 5646 என்றுதான் தொடங்கியது. இங்கே ஒரு எச்சரிக்கை: டயல் எண்ணின் இரண்டாவது நான்கு இலக்கம் கேஸ் எண்ணோடு ஒத்துப்போகவேண்டும் என்று இல்லை, பெரும்பாலும் ஒத்துப்போகாது. அதைப் பார்த்துப் பயந்து அசல் டயலைப் போலி என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். பார்க்கவேண்டியது முதல் நான்கைத்தான்.

ஆக மெஷின், டயல், கிழமைத் தட்டு மூன்றும் 5646. மூடி மட்டும் 5645. "பல கடிகாரங்களின் உதிரி" என்ற பேச்சு இங்கேயே பாதி உதிர்ந்துவிட்டது. ஒரே ஒரு பாகம்தான் அந்நியம். என்ன கொடுமை என்றால், சீக்கோ தன் கடிகாரத்தின் பிறந்த தேதியைப் போட்டுவைப்பதும் அந்த ஒரே பாகத்தில்தான். கழற்றி மேசைமேல் வைக்கிற மூடியில். வீட்டுப் பட்டாவைக் கதவில் ஒட்டிவைத்த மாதிரி. மூடி அந்நியம் என்றால் நான் போட்ட 1971 நவம்பர் டிக்கும் செல்லாது. அது வேறு யாரோ ஒருவருடைய கடிகாரத்தின் பிறந்த மாதம்.

மூடியின் உள்பக்கத்தை லென்ஸில் பார்த்தேன். ரிப்பேர் செய்பவர்கள் ஊசி முனையால் கீறிவைக்கும் குறிப்புகள் இரண்டு இருந்தன. ஒன்று "51.6", பக்கத்தில் ஒரு மூன்று இலக்க எண். இன்னொன்று வேறு கையெழுத்தில் "58.3". 1951இலும் 1958இலும் இந்த மெஷின் பிறக்கவே இல்லை. ஏதோ வேலை எண் என்று நோட்டில் எழுதிக்கொண்டு போட்டோ எடுத்தேன். நண்பர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இது ஷோவா இல்லையா?" என்றார்.

ஷோவா என்பது ஜப்பானின் அரச வருடக் கணக்கு, அதோடு 1925ஐக் கூட்டினால் நம் வருடம். 51 என்றால் 1976 ஜூன். 58 என்றால் 1983 மார்ச். எத்தனை வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், வார்டு அலுவலகப் படிவத்தில் எத்தனை தடவை அரச வருடம் எழுதியிருக்கிறேன், கடிகாரத்தின் வயிற்றுக்குள் பார்த்ததும் மூளை இங்கிலீஷ் காலண்டருக்குப் போய்விட்டது. கடைக்காரப் பெரியவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

இந்தக் கீறல்கள் எப்படி உதவின என்றால், மூடி மாறியது எப்போது என்ற கேள்விக்கு ஒரு எல்லை கிடைத்தது. அப்பா 1983இல் சர்வீஸ் செய்த ஞாபகம் அம்மாவுக்கு இருந்தது. நண்பர் நடுநிலைப்பள்ளியில் படித்த வருடம், அப்பாவுக்கு வேலை மாற்றம் ஆகி வீடு மாறியபோது. ஆகவே 1983க்குள் இந்த மூடி இந்த வாட்சில் வந்துவிட்டது. 1976 ஜூனில் இந்த மூடி எந்த வாட்சில் இருந்தது என்பதுதான் மிச்சக் கேள்வி.

அம்மாவின் கணக்கு நோட்டு

இதற்கு மேல் கடிகாரத்தில் பார்க்க எதுவும் இல்லை. நான் செய்ததெல்லாம் நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டதுதான்: 1976 ஜூனில் வீட்டில் யாராவது வாட்சை ரிப்பேருக்குக் கொடுத்த விவரம் கிடைக்குமா?

அம்மா அந்தத் தலைமுறை ஜப்பானிய இல்லத்தரசிகள் பலரைப் போல ககெய்போ எழுதியவர், வீட்டு வரவு செலவு நோட்டு. மேல் அலமாரியில் கயிறு கட்டி வைத்திருந்தார். ஷோவா 51 நோட்டில் ஜூன் மாதத்தில் ஒரு வரி: கைக்கடிகாரம் பழுது, இரண்டு.

இரண்டு. வீட்டில் அப்போது ஆண் கடிகாரம் ஒன்றுதான். இரண்டாவது யாருடையது என்று கேட்டதும் அம்மா யோசிக்கவே இல்லையாம். அந்த வசந்தகாலம் முழுக்க அப்பாவின் தம்பி வேலை விஷயமாக வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்தார். அண்ணன் வாங்கியதைப் பார்த்து அவரும் ஒரு கிராண்ட் சீக்கோ வாங்கியிருந்தார் என்பது அம்மாவின் நினைவு. (உண்மையில் தம்பிதான் முதலில் வாங்கியிருக்க வேண்டும், எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. இதை அம்மாவிடம் யாரும் சொல்லப்போவதில்லை.)

சித்தப்பா இப்போது இல்லை. சித்தி நகானோவில் இருக்கிறார். நண்பர் போன் செய்தார். வாட்ச் இருக்கிறது, ஓடவில்லை, டிராயரில் கிடக்கிறது. பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். போட்டோ மங்கல்தான், ஆனாலும் படிக்க முடிந்தது. 5646-7000. வரிசை எண் 24 என்று தொடங்கியது. 1972 ஏப்ரல். முன்பக்கப் போட்டோவில் தேதி மட்டும், கிழமை இல்லை.

இதுதான் அப்பாவின் மூடி என்றால், 1972 ஏப்ரலில் செய்த கடிகாரத்தை அந்த வருடக் கோடை போனஸில் வாங்க முடியும். ஒலிம்பிக்ஸ் நடந்த வருடம்தான். மாதம் வேறு, அவ்வளவுதான்.

முடிவெடுத்தவை, ஏன்

பாலிஷ் விஷயத்தில்தான் நீண்ட வாக்குவாதம். மகனுக்கு வாட்ச் பளபளவென்று இருக்கவேண்டும். நான் கூடவே கூடாது என்றேன். சீக்கோவின் வடிவமைப்பாளர் டாரோ டனாகா அறுபதுகளில் வகுத்த விதிகளே தட்டையான முகங்கள், நெளிவில்லாத கண்ணாடிப் பளபளப்பு, அவை சந்திக்கும் கூரான விளிம்பு என்பதுதான். 1967இன் 44 கிராண்ட் சீக்கோ அதற்கு முழு உருவம். அந்தப் பளபளப்பை எடுக்கிற முறைக்குப் பெயர் ஸரட்ஸு. பாலிஷ் போடும் மெஷினில் எழுதியிருந்த சல்லாஸ் என்ற வெளிநாட்டுப் பெயரை ஜப்பானியர் வாயில் போட்டு அப்படி ஆக்கிவிட்டார்கள். தட்டையான தகட்டில் கை பழகியவர் அழுத்திப் பிடித்து எடுப்பது அது. தெருமுனைத் துணிச்சக்கரத்தில் பிடித்தால் பளபளப்பு வரும், விளிம்பு போய்விடும், போனது திரும்பாது.

வாயால் சொன்னது எடுபடவில்லை. எடுபட்டது எப்படி என்று கீழே வருகிறது.

மற்ற முடிவுகளில் பெரிய இழுபறி இல்லை. முழு சர்வீஸ் செய்வது. உடைந்த சக்கரத்துக்கு அதே 56 குடும்பத்தின் லார்ட் மாட்டிக் என்ற இன்னொரு சீக்கோ கடிகாரத்திலிருந்து எடுத்துப் போடுவது. அந்தச் சக்கரத்துக்கும் வயது ஐம்பதுதான், அதுவும் ஒரு நாள் போகும், இதைச் சொல்லிவிட்டுத்தான் பெரியவர் போட்டார். கண்ணாடியில் கீறல் இருந்தது, விட்டுவிட்டோம். வேறு 5646 மூடி ஒன்றை ஏலத்தில் வாங்கிப் போட்டுவிடலாமே என்று இடையில் ஒரு யோசனை வந்தது, அதை நானே தடுத்தேன். எண் பொருந்தும், ஆனால் அப்போதுதான் அது உண்மையிலேயே சேர்த்துக் கட்டிய கடிகாரம் ஆகும்.

நகானோவிலிருந்து வந்த வாட்ச்

மார்ச் நடுவில் சித்தியே டோக்கியோ வந்தார். அதே ஒற்றை அறைக் கடை. இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் பெரியவர்.

முதலில் கண்ணில் பட்டது எண் இல்லை, கேஸ்தான். சித்தப்பாவின் கடிகாரம் 1976க்குப் பிறகு யார் கையும் படாதது. கேஸின் கால்களின் (பட்டையைப் பிடிக்கும் முனைகளின்) விளிம்பில் விரலை ஓட்டினால் சுருக்கென்று இருந்தது. அப்பாவுடையதில் அதே விளிம்பு சோப்புக் கட்டி மாதிரி வழுவழுப்பு. 1983 சர்வீஸில் யாரோ சக்கரத்தில் பிடித்திருக்க வேண்டும். மகன் இரண்டையும் மாற்றி மாற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான், கொஞ்ச நேரம் கழித்து "பாலிஷ் வேண்டாம்" என்றான். நான் ஒரு மாதம் பேசியது அரை நிமிடத்தில் முடிந்தது. ஒரே கேஸின் இரண்டு நிலைகள் இப்படி ஒரே மேசையில் கிடைப்பது அபூர்வம், நானும் நிறைய போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் மூடி. சித்தப்பாவின் வாட்ச் திறந்தது. மெஷின் 5645A. மூடியின் உள்பக்கம் ஒரே ஒரு கீறல், "51.6", அதே கை. பக்கத்தில் மூன்று இலக்க எண். அப்பாவின் மூடியில் இருந்த எண்ணுக்கு அடுத்த எண்.

அதாவது ஒரே நாள், ஒரே கடை, அடுத்தடுத்த ரசீது. இரண்டு மூடியையும் கழற்றி உள்ளே குறிப்பைக் கீறியிருக்கிறார் அந்தப் பழைய மெக்கானிக், மூடும்போது கை மாறிவிட்டது. இரண்டும் ஒரே அளவு, ஒரே மரை, ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியிருக்கும். 47 வருடம் இரண்டு சகோதரர்களும் ஒருவர் மூடியை இன்னொருவர் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். 1983இல் சர்வீஸ் செய்தவராவது கவனித்திருக்கலாம். கவனித்தும் சொல்லாமல் விட்டாரோ என்னவோ.

சித்தி சொன்னது ஒன்றுதான்: "அவர் ஒருநாளும் பின்பக்கம் பார்த்ததே இல்லை." யார்தான் பார்க்கிறார்கள். ஊரில் எங்கள் அப்பாவின் எச்எம்டி முப்பது வருடம் வீட்டில் ஓடியது, அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

மூடிகளை மாற்றிப் போட்டார் பெரியவர். இரண்டுக்கும் புது ரப்பர் வளையம். இனி ஒவ்வொன்றிலும் எல்லா எண்ணும் ஒத்துப்போகிறது. ஆனால் அப்பா 1983இல் செய்த சர்வீஸின் கீறல் இப்போது சித்தப்பா வாட்சின் மூடிக்குள் இருக்கிறது. இன்னொரு ஐம்பது வருடம் கழித்து யாராவது திறந்தால் குழம்பக்கூடாது என்று நண்பர் நடந்ததை இரண்டு தாளில் எழுதி, போட்டோவோடு இரண்டு பெட்டியிலும் வைத்தார்.

விளைவு

வந்தபோது அப்பாவின் கடிகாரம் நாளுக்கு ஐம்பது வினாடி பின்தங்கியது, உள்ளே ஆடும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சும் சோர்ந்துகிடந்தது. சர்வீஸுக்குப் பிறகு ஏழெட்டு வினாடி முந்துகிறது. 1966இல் கிராண்ட் சீக்கோவுக்கென்று வகுத்த தரம் நாளுக்கு மூன்று வினாடி பின், ஐந்து வினாடி முன். அதற்குள் வரவில்லை. இன்னும் இழுக்கலாமா என்று கேட்டதற்குப் பெரியவர், முடியும், ஆனால் எதற்கு என்றார். விட்டுவிட்டோம்.

பழைய கடையில் மறுபடி காட்டி விலை கேட்கலாமே என்று நான் சொன்னேன், உள்ளூர ஒரு வீம்புதான். நண்பர் மறுத்தார். அவர்கள் பார்த்தபோது அது பொருந்தாத மூடிதானே, சரியாகத்தானே சொன்னார்கள் என்றார். யோசித்தால் அவர் சொல்வது நியாயம். ஒரு பாகம் பொருந்தவில்லை என்பதிலிருந்து மொத்தமும் ஒட்டுவேலை என்ற முடிவுக்குப் போனது அவர்கள் தப்பு. பழைய வாட்சாக வாங்கியிருப்பார் என்று நான் போனதும் அதே தப்பு. எனக்குத் திறந்து பார்க்க நேரம் இருந்தது, அவர்களுக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது, அது வேறு.

ஏப்ரல் 1 அன்று மகன் அதைக் கட்டிக்கொண்டு போனான்.

இப்போது என்றால் எப்படிச் செய்வேன்

56 கையில் வந்தால் தேதிக் குமிழைத் தொடமாட்டேன். சர்வீஸுக்குப் பிறகும் முடிந்தவரை முள்ளைச் சுற்றியே தேதியை மாற்றச் சொல்வேன்.

வரிசை எண்ணைப் படித்ததும் வருடத்தைச் சொல்லமாட்டேன். முதலில் மெஷின், டயல், மூடி மூன்றிலும் முதல் நான்கு இலக்கம் ஒன்றா என்று பார்த்துவிட்டு, ஒன்று என்றால் மட்டும் வருடம். தப்பான மூடியின் தேதி குடும்பக் கதையோடு அவ்வளவு அழகாகப் பொருந்தியதுதான் என்னை ஒரு வாரம் தூங்கவைத்தது. பொருந்தாமல் இருந்திருந்தால் முதல் நாளே உஷாராகியிருப்பேன்.

மூடிக்குள் இருக்கும் கீறலை முதலில் ஷோவாவாகப் படித்துப் பார்ப்பேன். எண்களையும் விடாமல் குறித்துவைப்பேன், அன்று போட்டோ எடுக்காமல் விட்டிருந்தால் அடுத்தடுத்த ரசீது என்பதே தெரியவந்திருக்காது.

வீட்டுக்காரர்களிடம், "மூடி பொருந்தவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஏன் என்று கேட்டால், திறந்து பார்த்த பிறகு பேசலாம் என்பேன். அந்த அம்மாவைப் பிறகு ஒரு தடவை நேரில் பார்த்தேன். டீ கொடுத்தார், நோட்டைக் காட்டினார், அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். நான் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானே மன்னிப்புக் கேட்டேன்.

சித்தியின் வாட்சையும் ஓடவைத்தாயிற்று. அதிலும் அந்தப் பிளாஸ்டிக் சக்கரம் போயிருந்தது, இரண்டாவது லார்ட் மாட்டிக்கை உடைக்கவேண்டாம், ஓடினால் போதும் என்றுவிட்டார். முப்பது நாள் மாதம் முடிந்தால் மறுநாள் காலை முள்ளை ஒரு முழு நாளுக்குச் சுற்றித் தேதியைச் சரிசெய்துகொள்கிறாராம்.